மனைவி போகும் உடற்பயிற்சி வகுப்புக்கு நீங்களும் போகலாமா?

நாற்பத்தைந்தைத் தாண்டிய கணவன்மார்களே, இந்தக் கட்டுரை முக்கியமாக உங்களுக்குத்தான்.

உங்கள் மனைவி காலை ஐந்தே முக்காலுக்கே ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஏழு மணிக்கு முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாகத் திரும்பி வருகிறார். கேஸ் சிலிண்டரை ஒற்றை ஆளாக நகர்த்துகிறார். நீங்களோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதே "அம்மாடி" என்கிறீர்கள். ஒருநாள் அவர், "ஏங்க, நீங்களும் ஒரு மாசம் வந்துதான் பாருங்களேன்" என்கிறார். தொப்பை குறையுமே, சர்க்கரையும் கொஞ்சம் இறங்குமே என்று உங்களுக்கும் ஆசை வருகிறது. போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் எப்படிப் போவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில், இந்த வகுப்புகளில் நடப்பது என்ன என்று பார்ப்போம். பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். பாட்டு அலறும். 'ஸ்குவாட்' என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார்கள். 'பர்பி' என்று தரையில் கையூன்றி, காலைப் பின்னால் உதைத்து, மறுபடி எழுந்து குதிப்பார்கள். சில வகுப்புகளில் இருபது விநாடி மூச்சுமுட்ட வேலை, பத்து விநாடி ஓய்வு என்று கணக்கு வைத்துச் செய்வார்கள். 'தபாத்தா' என்று இதற்குப் பெயர். இஸுமி தபாத்தா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. நல்ல முறைதான், பலன் உண்டு. ஆனால் அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்த இருபது வயசுப் பையன்கள்! அதுவும் நிலையாக நிற்கும் சைக்கிளில் உட்கார்ந்துதான் மிதித்தார்கள், குதிக்கவில்லை. இருபத்தைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்த உடம்புக்கு அதே கணக்கு முதல் நாளே பொருந்துமா?

"என் மனைவிக்குப் பொருந்துதே டாக்டர், அவளுக்கும் நாற்பத்தாறு ஆச்சே?" என்று கேட்பீர்கள். அவர் இரண்டு வருஷமாகப் போகிறார். தசைக்கு ஞாபகசக்தி உண்டு. ஒரு வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவாகக் காயப்படாது. பழகாத தசைக்குத்தான் ஆபத்து. அதிலும் உட்கார்ந்து எழும்போது, எழுவதைவிட உட்காருவதுதான் தசையை அதிகம் நோகடிக்கும். தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் தாங்குகிறது அல்லவா, அதனால்தான் இழைகள் நுண்ணிதாகக் கிழிகின்றன. வலி அன்றைக்கே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்தில் இருக்கும். சாதாரண வலி என்றால் நான்கைந்து நாளில் போய்விடும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது எது என்றும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்த ஒருவர் வங்கி அதிகாரி, வயது 49. முதல் நாள் வகுப்பிலேயே மனைவிக்குப் பக்கத்தில் நின்று, அவருக்குச் சமமாக நூற்றுக்கும் மேல் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போயிற்று. "உடம்புச் சூடு டாக்டர், நெருஞ்சில் கஷாயம் ஏதாவது குடுங்க" என்று வந்து உட்கார்ந்தார். தொடை இரண்டும் வீங்கிக் கல் மாதிரி இருந்தது. கஷாயம் கொடுக்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தில் சில நூறுகளுக்குள் இருக்க வேண்டிய 'சி.பி.கே.' அளவு பல ஆயிரத்தில் இருந்தது. அளவுக்கு மீறி உடைந்த தசையிலிருந்து 'மயோகுளோபின்' என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துக் கெடுக்கும் நிலை இது. 'ராப்டோமயோலிசிஸ்' என்பார்கள். நாலு நாள் டிரிப்ஸ் ஏற்றி, சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் சூடு, பித்தம் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கலாம்.

அந்த அம்மாள் பட்ட பாடு தனி. "நான்தானே டாக்டர் கூட்டிட்டுப் போனேன்" என்று அழுதார். தானும் வகுப்பை நிறுத்திவிட்டார். அது தேவையில்லாத தண்டனை என்று நான்தான் கண்டித்துத் திரும்ப அனுப்பினேன். கணவரும் ஆஸ்பத்திரி டாக்டரின் அனுமதி கிடைத்தபின் நடைப்பயிற்சியில் ஆரம்பித்து, நாலு மாதம் கழித்து அதே வகுப்புக்குப் போனார். இந்தத் தடவை கடைசி வரிசையில்.

இப்படி நடக்கக் காரணம் உடற்பயிற்சி அல்ல, கௌரவம். மனைவி நிறுத்தாதபோது நாம் எப்படி நிறுத்துவது என்ற கூச்சம். சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத பதினான்கு வேகங்களைச் சொல்லியிருக்கிறார்கள். தும்மல், பசி, தாகம், தூக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் 'இளைப்பு' என்பதும் ஒன்று. களைத்துப்போய் மூச்சு வாங்கும்போது உடம்பு 'உட்கார்' என்று கேட்கிறது. கைதட்டலுக்கும் பாட்டுக்கும் மயங்கி அதை அடக்காதீர்கள். மூச்சு வாங்கினாலும், நடுவில் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியவில்லையா? நின்றுவிடுங்கள். ஆரம்ப மாதங்களுக்கு இந்தச் சோதனை போதும். கையில் கட்டும் வாட்ச் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே எவ்வளவு சிரமம் இருந்தாலும் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது.

எப்படி ஆரம்பிப்பது? முதலில் பிரஷர், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். டாக்டர் தேவை என்று நினைத்தால் டிரெட்மில் சோதனையும் செய்யட்டும். பிறகு இரண்டு வாரம் வீட்டிலேயே பழகுங்கள். தினம் இருபது நிமிஷம் விரைவான நடை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, காலையும் மாலையும். அதன்பிறகு வகுப்புக்கு வாரம் இரண்டே நாள். அவர்கள் இருபது செய்தால் நீங்கள் பத்து. குதிப்பது மட்டும் மூன்றாம் மாதம் வரை வேண்டாம். இது ஏன் தெரியுமா? மூச்சு மூன்று நாலு வாரத்தில் தேறிவிடும். "அட, முடியுதே!" என்று உற்சாகம் வரும். ஆனால் தசைநாண்கள் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். இரண்டாம் மாதத்தில் குதிகால், முட்டி, தோள்பட்டை என்று ஆட்கள் என்னிடம் வருவதெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் அவருக்கு வாத்தியாராகிவிடாதீர்கள். "முட்டிய மடக்குங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னால், அடுத்த நிமிஷம் அவர் அளவுக்கு மீறிச் செய்வார்.

எண்ணெய்க் குளியல் எடுக்கும் நாளில் வகுப்புக்கு விடுமுறை விடுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அன்று சாயங்காலமே போய்க் குதிக்கிறார்கள். எண்ணெய் முழுக்கன்று கடும் உழைப்பும் வெயிலும் கூடாது என்பது நம் மருத்துவ விதி. சாதாரண வலிக்குக் கற்பூராதி தைலத்தை இளஞ்சூடாகத் தேய்த்து, நொச்சி இலை ஒற்றடம் கொடுக்கலாம். வீக்கமாகக் கல் மாதிரி இருந்தால் அழுத்திப் பிடித்துவிடவே கூடாது.

வெறும் காபியோடு போகாதீர்கள். நம் மருத்துவப்படி நடுவயது என்பது பித்த காலம். வெறும் வயிற்றில் வேகமாக உழைத்தால் தலைசுற்றலும் புளித்த ஏப்பமும் வரும். ஒரு வாழைப்பழம் போதும். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம் குடியுங்கள். காலை உணவில் இரண்டு இட்லியோடு அவித்த கொள்ளோ, பச்சைப்பயறோ, முட்டையோ இருக்கட்டும். தசைக்குப் புரதம் இல்லாமல் எவ்வளவு குதித்தாலும் வெறும் அசதிதான் மிஞ்சும். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப் பையில் குளுகோஸ் வைத்திருங்கள். கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தசை வலி அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'வாயு' என்று ஓமவாட்டர் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கணவர் அழைத்துப் போகும் பெண்களுக்கும் கடைசியாக ஒன்று. குழந்தை பெற்றவர்கள் பலருக்குக் குதிக்கும்போது சிறுநீர் சொட்டும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்புக்குப் போகிறார்கள். அது இன்னும் கெடுதல். அடிவயிற்றுக்குக் கீழே உள்ள தசைகளைச் சிறுநீரை அடக்குவது போல உள்ளிழுத்து ஐந்து விநாடி நிறுத்தித் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குப் பத்து, தினம் மூன்று வேளை. மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். அதுவரை குதிப்பதற்குப் பதிலாக நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தால் போதும்.