மரக்கரண்டி குடைய மலிவான வளைகத்தி

மரக்கரண்டியின் வெளிவடிவத்தைச் செதுக்கக் கோடரியும் நேர்க்கத்தியும் போதும். உட்குழியைக் குடைய அவை உதவா. அதற்கு அலகு வளைந்த கத்தி வேண்டும். கைதேர்ந்த கொல்லர்கள் தனித்தனியாக அடித்துத் தரும் வளைகத்திகளின் விலை அதிகம். ஆலையில் செய்த மலிவான கத்தியும் சற்றுத் திருத்தினால் அதே வேலையைச் செய்யும்.

வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது வளைவு: கரண்டியின் குழியைவிட அலகு இறுக்கமாக வளைந்திருந்தால் வரிவரியாகப் பள்ளம் விழும்; விரிந்திருந்தால் அடியை எட்டாது. இரண்டாவது எஃகு: அலகின் ஓரத்தில் அரத்தை லேசாக இழுத்தால், நன்கு கடினமான எஃகில் அது வழுக்கும், மென்மையானதில் கடித்துப் பிடிக்கும். மூன்றாவது அலகின் வெளிப்புறம்: மரத்தில் உராய்ந்து செல்வது அதுவே என்பதால் வழவழப்பாக இருக்க வேண்டும். தொடக்கநிலையினர் பலர் வாங்குவது சுவீடனின் மோரா 164 என்ற வளைகத்தி. அதன் முதுகு விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினால் குழியில் கீறல் விழாது, விரலையும் உறுத்தாது.

குதிரைக்கு இலாடம் அடிப்பவர்கள் குளம்பு சீவப் பயன்படுத்தும் கத்தியும் இதற்கு ஏற்றது. வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் மரம் செதுக்குவோர் பலர் இதையே மாற்றி எடுத்துக்கொள்கின்றனர். குளம்பின் பள்ளங்களைச் சுரண்டுவதற்காக இதன் நுனி சிறு சுருளாக முடியும். கரண்டி வேலைக்கு இடைஞ்சலான அந்தச் சுருளை வெட்டிவிடலாம். பிறகு வெட்டும் விளிம்பின் சரிவை மெலிதாகத் தேய்க்க வேண்டும். சாணையில் பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்த்துக் குளிர்விப்பது அவசியம். விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் கடினம் போய்விட்டது என்று பொருள்.

பழைய அரத்திலிருந்து புதிதாகவே செய்வதும் உண்டு. அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அது இளகும். அதன் பற்களைத் தேய்த்து, அலகாக மெலிதாக்கி, மறுபடி காய்ச்சி வளைக்க வேண்டும். பிறகு காந்தம் ஒட்டாத அளவுக்குச் செந்நிறமாகச் சூடேற்றி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அந்த நொறுங்குதன்மையைக் குறைக்கச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பகுதி வைக்கோல் மஞ்சளாக மாறுவதே பதம்.

தட்டையான கல்லில் வளைகத்தியின் உட்புறத்தைத் தீட்ட முடியாது. உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உட்புறத்தைத் தேய்க்கலாம். தட்டைப் பலகையில் ஒட்டிய தாளால் வெளிப்புறத்தைத் தீட்டலாம். 400 எண் தாளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய தாளுக்கு மாறி, 2000 வரை போகலாம். கடைசியில் மெருகுப்பசை பூசிய தோலில் இழுத்தால் விளிம்பில் நிற்கும் பிசிர் நீங்கும்.

கத்தியைப் பச்சை மரத்தில் சோதிப்பது நல்லது. காய்ந்த மரம் கடினமானது. நாரின் குறுக்கே சீவும்போது சுருள் தடையின்றி எழுந்து, வெட்டிய இடம் பளபளத்தால் கூர்மை சரி. நார் பிய்ந்து மங்கலாகத் தெரிந்தால் மீண்டும் தீட்ட வேண்டும். அலகு கையை நோக்கி வருவதால், கரண்டியைப் பிடிக்கும் கையின் விரல்கள் அதன் பாதையில் இருக்கக் கூடாது. வெட்டுத் தாங்கும் கையுறை பாதுகாப்புத் தரும்.