குளிரில் பேணப்படும் குருதிச் சிறுதட்டுகள்

வவுனியா – மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்தில் விபத்தில் சிக்கிப் பெருமளவு குருதி இழக்கும் ஒருவரை அநேகமாக வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கே கொண்டு செல்வர். அவருக்கு ஏற்றுவதற்குச் செங்குழியங்கள் கையிருப்பில் இருக்கக்கூடும். ஆனால் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுகள், நினைத்த இடத்தில் நினைத்த அளவுக்குச் சேமித்து வைக்கக்கூடிய பொருளல்ல.

தானமாகப் பெறப்படும் குருதியிலிருந்து பிரிக்கப்படும் செங்குழியங்கள் 2 முதல் 6 பாகை செல்சியசில் 35 நாட்களுக்கு மேலாகவும் பேணப்படுகின்றன. திரவவிழையத்தை உறைய வைத்து ஓராண்டு வரை காக்கலாம். சிறுதட்டுகளோ 20 முதல் 24 பாகையில், ஓயாது மெல்ல அசையும் இயந்திரத்தின் மீது வைக்கப்பட வேண்டியவை. அவற்றின் ஆயுள் வழமையாக ஐந்து நாட்களே. பரிசோதனைகளுக்குச் செல்லும் காலமும் அந்த ஐந்து நாட்களுக்குள்ளேயே அடங்கும். போதாதற்கு, அந்த வெப்பநிலை பற்றீரியாக்கள் பெருகுவதற்கும் உகந்ததாகும்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பொருள் நீடிக்கும் என்பது நமது சமையலறை தந்த அறிவு. ஆரம்பத்தில் மருத்துவர்களும் சிறுதட்டுகளை அவ்வாறே குளிரில் வைத்தனர். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேர்பி, கார்ட்னர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை மாற்றியது. குளிரூட்டிய சிறுதட்டுகள் நோயாளியின் உடலில் ஓரிரு நாட்களிலேயே மறைந்து விடுகின்றன என்பதை அவர்கள் கண்டனர். குளிரில் அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் ஒன்று கூடுவதால், ஈரலிலுள்ள விழுங்கு கலங்கள் அவற்றை அடையாளங்கண்டு அகற்றி விடுகின்றன என்ற விளக்கம் 2003ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

ஆயினும், புற்றுநோய் சிகிச்சையால் சிறுதட்டுகள் குறைந்தவருக்கு அவை பல நாட்கள் உடலில் நிலைத்திருக்க வேண்டும். குருதி பெருகிக் கொண்டிருப்பவருக்கோ அவை அக்கணமே செயற்பட வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு தேவைகள் என்பது நெடுங்காலம் கவனிக்கப்படாமலே இருந்தது. குளிரில் வைக்கப்பட்டவை ஏற்கெனவே தூண்டப்பட்ட நிலையில் இருப்பதால் விரைந்து உறைவை உருவாக்குகின்றன. நோர்வேயின் பேர்கன் நகரில் இருதய சத்திரசிகிச்சைக்குள்ளானோரிடம் 14 நாட்கள் வரை குளிரில் பேணிய சிறுதட்டுகள் பரீட்சிக்கப்பட்டு, முடிவுகள் 2020இல் வெளியாகின. வழமையான சிறுதட்டுகள் கிடைக்காதவிடத்து, குருதிப்பெருக்குள்ளோருக்கு 14 நாட்கள் வரை குளிரில் வைத்தவற்றைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023ஆம் ஆண்டில் வழிவகுத்தது. அசைக்கும் இயந்திரம் இதற்குத் தேவையில்லை. எனினும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை போன்ற இடங்களின் நாளாந்தத் தேவையை இது நிறைவு செய்யாது.

டெங்குவையும் இங்கு குறிப்பிடாமல் விட முடியாது. நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குத் தொற்றுக்குள்ளான 2017ஆம் ஆண்டு பலருக்கும் நினைவிருக்கும். எண்ணிக்கை வீழ்ந்ததும் சிறுதட்டுகளைத் தேடி அலையும் பதற்றம் இன்றும் குடும்பங்களில் காணப்படுகின்றது. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நிகழ்ந்து அதே ஆண்டில் வெளியான ஆய்வின் முடிவுகள், குருதிப்பெருக்கில்லாத வயது வந்தோருக்கு முன்கூட்டியே அவற்றை ஏற்றுவது குருதிப்பெருக்கைத் தடுக்கவில்லை என்றே காட்டின. டெங்குவில் உயிர் காப்பது பெரும்பாலும் உரிய நேரத்தில் அளவறிந்து வழங்கப்படும் திரவமேயாகும்.

வன்னிக்கு இம்முறை பொருந்துமா? செங்குழியங்களைப் பேணும் அதே வெப்பநிலையே போதுமென்பதால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வைத்தியசாலைகளுக்குப் புதிய உபகரணச் சுமை பெரிதாக இராது. தடையற்ற மின்சாரமும் தொடர்ச்சியான வெப்பநிலைப் பதிவுமே முக்கியம். கொடையாளரின் வருகையும் சீராக இருப்பதில்லை. வெசாக் காலத்தில் முகாம்கள் ஒரே வாரத்தில் குவிகின்றன. ரமழானில் நோன்பிருப்போர் பகலில் குருதி வழங்குவது குறைகின்றது. ஒருமுறை வழங்கியவர் மீண்டும் வழங்க நான்கு மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். ஐந்து நாள் ஆயுளுள்ள பொருளை வைத்துக்கொண்டு இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பது கடினம். பதினான்கு நாட்கள் கிடைக்குமாயின், ஒரு முகாமில் சேர்ந்தவற்றில் ஒரு பகுதியையேனும் விபத்துக்காகவும் பிரசவகாலக் குருதிப்பெருக்குக்காகவும் மாவட்ட வைத்தியசாலையிலேயே ஒதுக்கி வைக்க இயலும்.