மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டு கிரைண்டர் பல வருடம் ‘சுளீர்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. “செருப்பைப் போட்டுக்கிட்டு மாவை அள்ளு, ஒண்ணும் பண்ணாது” என்பதுதான் அதற்கு அம்மாவின் வைத்தியம். இப்போது நினைத்தால் பதறுகிறது. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் அந்தக் கம்பி வழியே மண்ணுக்கு இறங்கியிருக்கும். அது இல்லாததால் எங்கள் கை வழியே இறங்கப் பார்த்தது.

9 வாட் எல்.இ.டி. பல்பு எரிய ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் போதும். அதே மின்சாரம் சில விநாடி நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த 40 மில்லி ஆம்பியர் கண்ணிலேயே படாது. அது காப்பது வயரை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான கருவி, 30 மில்லி ஆம்பியர் குறைவதற்குள் துண்டித்துவிடும். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு. ஈரத்துணி காயப்போட்ட கொடிக்கம்பியில் மின்சாரம் பாய்ந்து தாய் விழுகிறார். அலறியபடி ஓடி வந்து பிடித்த மகனும் விழுகிறான். அந்த இரண்டாவது சாவுதான் என்னை உலுக்குகிறது. பாசத்தில் நீண்ட கை அது. தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிட வேண்டும். தெருவில் அறுந்து விழுந்த கம்பி என்றால் இதையும் செய்யாதீர்கள். கிட்டவே போகக் கூடாது.

ஆனால் மெயின் எங்கே என்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுக்குமாடிகளில் மீட்டர் அறையைப் பூட்டி, சாவியைச் செயலாளர் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். பத்து வயதுப் பிள்ளைக்கும் மெயினைக் காட்டி, அணைக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

மீட்கப்பட்டவருக்கு மூச்சு இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். பலமாக ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

சுவிட்சிலிருந்து கருகல் வாடை வந்தால் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். விழுந்த எம்.சி.பி.யை, பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை விட்டுவிடுங்கள். சில விளக்குகள் திடீரென்று கண் கூசப் பிரகாசித்து, சில மங்கினால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட்டுக்கான சாமான்களுக்கு 400 வரைகூட வந்துவிடும் நேரம் அது. உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண்ணான 94987 94987க்குச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ், டி.வி. பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.