காலி மனையில் பூக்கும் பார்த்தீனியம்



சென்ற மழைக்காலம் ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஒருவர் காத்து நின்றார். நம் டிரஸ்டுக்கு வக்ஃபாக வந்த எட்டு சென்ட் காலி மனைக்கு அடுத்த வீட்டுக்காரர்; ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். "பாய், தப்பா நினைக்காதீங்க. உங்க இடத்துல பூத்துக் கெடக்குற செடியால எங்க வீட்டம்மாவுக்கு ராத்திரியெல்லாம் இழுப்பு. ரெண்டு வருஷமா சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். இரண்டு வருடமாகச் சொல்லாமல் பொறுத்திருந்தார் என்பதுதான் எங்களை அதிகம் சுட்டது. மூச்சிரைப்பு நோயாளிகளின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் உதவி வருகிறோம். அதே நேரத்தில் நம் மனையே ஒரு நோயாளியை உருவாக்கிக் கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலையே போய்ப் பார்த்தோம். கட்டடம் கட்ட நிதி சேரட்டும் என்று நான்கு வருடமாக விட்டு வைத்த இடம். இடுப்பளவுக்கு வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது பார்த்தீனியம். தூரத்திலிருந்து பார்த்தால் கொத்தமல்லித் தோட்டம் என்று ஏமாறலாம். இலை கேரட் இலையைப் போல் பிளவுபட்டிருக்கும். பூ சிறு வெள்ளை மூக்குத்தி போல் இருக்கும். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தைச் சுற்றியும், மேலமடை, உத்தங்குடி, ஒத்தக்கடை பக்கமும் பிளாட் போட்டுக் கல் நட்ட இடங்களில் எங்கும் இதைக் காணலாம். மனையை உயர்த்த லாரியில் அடிக்கும் மண்ணோடும், வண்டிச் சக்கரத்தோடும், மழைநீரோடும் விதை வந்து சேர்கிறது.

இது நம் ஊர்ச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1950-களின் நடுவில் புனேயில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. அதனாலோ, வெள்ளைப் பூ அந்தக் காலத்துக் கதர்க் குல்லாய் போல் இருப்பதாலோ, 'காங்கிரஸ் புல்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் தரக்கூடியது. விதைகள் மண்ணுக்குள் பல வருடம் உறங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் எழும். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டதற்குப் பல வருடம் பாடுபட வேண்டியிருப்பது இதனால்தான்.

செடி முழுவதும் உள்ள பார்த்தெனின் என்ற பொருள்தான் தோலைப் பதம் பார்க்கிறது. சிலருக்கு முதல் தடவை தொட்டபோது ஒன்றும் செய்யாது. திரும்பத் திரும்பப் பட்ட பிறகு முகம், கழுத்து, கை மடிப்புகளில் அரிப்பும் கருமையும் வரும். மகரந்தம் தும்மலையும் இழுப்பையும் கிளப்பும். மாடு விரும்பித் தின்னாது; வேறு தீனியில்லாமல் தின்றால் பால் கசக்கும். எல்லா இழுப்புக்கும் இந்தச் செடியே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்து சாப்பிட்டும் குறையாதவர்கள் வீட்டைச் சுற்றி இது இருக்கிறதா என்று பார்த்து, அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"சர்க்கார் ஏன் சும்மா இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். சட்டம் இல்லாமல் இல்லை. 1919-லேயே சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் ஒன்று வந்தது. தீங்கான களை என்று அரசு அறிவித்தால் நிலத்தில் இருப்பவரே அழிக்க வேண்டும். தவறினால் அதிகாரி அழித்துச் செலவை வசூலிக்கலாம். கர்நாடகம் தன் சட்டத்தின் கீழ் 1975-ல் பார்த்தீனியத்தை அப்படி அறிவித்தது. சீமைக் கருவேலம் விஷயத்தில் நம் மதுரையிலேயே ஓர் அனுபவம் உண்டு. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தனியார் நிலத்திலுள்ள சீமைக் கருவேலத்தை உரிமையாளரே அகற்ற வேண்டும், இல்லையேல் அரசு அகற்றி இரட்டிப்புச் செலவை வசூலிக்கும் என்று உத்தரவிட்டது. ஊரெங்கும் ஜேசிபி ஓடியது. சில மாதத்தில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது, வேகம் நின்றது. வேரோடு தோண்டாமல் மேலே மட்டும் வெட்டிய இடங்களில் கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்தது. உத்தரவுக்குப் பயந்து அரைகுறையாகச் செய்த வேலை அப்படித்தான் ஆனது.

பூச்சியை வைத்துக் களையை அழித்த நல்ல அனுபவமும் நம் நாட்டில் உண்டு. நம் பாட்டனார் காலத்தில் தென்னாட்டு நிலங்களை அடைத்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை, 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த சாறு உறிஞ்சும் பூச்சி ஒன்று அடக்கியது. அதே வழியில் பார்த்தீனியத்துக்கும் 1983-ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, மறு வருடம் வெளியில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையை நன்றாகவே தின்கிறது. வறண்ட காலத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடுகிறது. மதுரை வெயிலில் அதை நம்பி மனையை விட முடியாது.

ஆகவே கையால் பிடுங்குவதுதான் வழி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ வருவதற்கு முன், வேரோடு பிடுங்க வேண்டும். கோடை மழைக்குப் பின் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு நடுவே இரண்டு முறை என்று வைத்துக்கொண்டால் பெரும்பகுதி அடங்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அவசியம். ஏற்கெனவே இழுப்போ தோல் அரிப்போ உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது. பூக்காத செடியைக் குழியில் போட்டுச் சாணம் கலந்து மக்க வைத்தால் உரமாகும். பூத்ததைச் சாக்கில் கட்டி, விதை சிந்தாமல் ஆழப் புதைக்க வேண்டும். பிடுங்கியதைத் தெருவோரம் குவித்துவிட்டுப் போவது, இங்கிருக்கும் விதையை அடுத்தவர் வாசலில் தூவுவதற்குச் சமம்.

உப்புத் தண்ணீர் தெளிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரு லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல். வெயில் நேரத்தில் இளஞ்செடி மேல் நனையத் தெளித்தால் கருகிவிடும். ஆனால் வீட்டு முன்புறப் புல்தரையிலும், கிணறு, மரங்கள் அருகிலும் இதைச் செய்ய வேண்டாம். புல்லும் சேர்ந்து சாகும், மண்ணும் கெடும். புல்தரையில் சிறிதாக இருக்கும்போதே கையால் எடுத்துவிட்டு, வெற்றிடத்தில் புல்லை நெருக்கி நடுங்கள். கிளைபோசேட் மருந்தைக் கடையில் வாங்கி நாமே அடிப்பதும் சரியல்ல. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமே பயன்படுத்த வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. பெரிய நிலம் வைத்திருப்பவர்கள் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம்.

கபர்ஸ்தானிலும் இந்தச் செடி நுழைந்துவிட்டது. கபர் மீதுள்ள பச்சையைப் பிடுங்கலாமா என்று ஒரு பெரியவர் தயங்கினார். தயக்கம் நியாயமானதே. ஹஜ்ரத்திடம் கேட்டோம். கபர் மேலுள்ள பசும்புல்லைக் காரணமில்லாமல் பிடுங்குவதுதான் விரும்பத்தகாதது. ஜியாரத்துக்கு வருவோருக்குத் தீங்கு தரும் செடியை, கபரை மிதிக்காமல், மண்ணைக் கிளறாமல் எடுக்கலாம் என்றார்கள். அதன்படி நடைபாதையிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

நம் மனையைச் சுத்தம் செய்ய நான்கு ஆட்களுக்கு இரண்டு நாள் ஆனது. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மீண்டும் விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. பிள்ளைகளோடு போய் அதையும் எடுத்தோம். அந்த இடத்தில் இப்போது தகரையும் துலுக்கசாமந்தியும் விதைத்திருக்கிறோம். இவை நெருங்கி வளர்ந்தால் பார்த்தீனியம் எளிதில் தலையெடுக்காது. கண்டக்டர் ஐயா தினமும் தண்ணீர் ஊற்றுகிறார், நாங்கள் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு இழுப்பு முழுதாக நின்றுவிடவில்லை. அந்தத் தெருவில் இன்னும் மூன்று மனைகள் அப்படியே பூத்துக் கிடக்கின்றன.

அந்த மூன்றில் இரண்டின் சொந்தக்காரர்கள் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள். சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். மனையை வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் பாடுபடுகிறவர்களுக்கு இங்கே என்ன முளைத்திருக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. இதைப் படிக்கும் குடும்பத்தார் அவர்களுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இடத்துக்குள் இறங்கச் சம்மதம் என்று அவர்கள் டிரஸ்டுக்கு எழுதித் தந்தால் ஆள் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை நாங்கள் முடித்துத் தருகிறோம். கூலி தர இயலாதவர்களின் வீட்டு வாசலை, இன்ஷா அல்லாஹ், வாலிபர்களை வைத்து நாங்களே சுத்தம் செய்வோம்.

அடுத்த நல்ல மழைக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை, ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் அந்தத் தெருவில் கூடுகிறோம். கையுறையும் முகக்கவசமும் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். களைக்கொத்து, பழைய சாக்கு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.