சீப்பிடம் பூமி தோற்றுப்போவது தெரியுமா?

எண்ணெய் வைக்காத தலையில் பிளாஸ்டிக் சீப்பால் பரபரவென்று வாரிவிட்டு, காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடியுங்கள். சட்டென்று தாவி ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் எல்லோரும் செய்ததுதான், இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தத் துணுக்கைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது 6 கோடி கோடி கோடி டன் நிறையுள்ள பூமி! அதை ஜெயித்தது இத்துனூண்டு சீப்பு!

அதைவிட வேடிக்கை, அந்தக் காகிதத்தில் மின்னூட்டமே கிடையாது! சீப்பின் மின்புலம் பட்டதும் காகிதத்துக்குள் இருக்கும் நேர், எதிர் மின்துகள்கள் இம்மியளவு விலகுகின்றன. ஈர்க்கப்படும் வகை சீப்புக்குச் சற்றே பக்கத்தில், விலக்கப்படும் வகை சற்றே தள்ளி. அந்தச் சின்னஞ்சிறு தூர வித்தியாசத்தில்தான் விலக்கலை ஈர்ப்பு ஜெயிக்கிறது. இன்னும் உற்றுப் பாருங்கள்: ஒட்டிய துணுக்குகளில் சில, கொஞ்ச நேரத்தில் விசிறியடித்ததுபோல் தெறித்து ஓடும். சீப்பின் மின்னூட்டமே அவற்றில் ஏறிவிட்டது. ஒரே வகை என்றால் ஆகாதே!

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானும் புரோட்டானும் ஈர்த்துக்கொள்ளும் மின்விசை, அவற்றின் நிறையால் வரும் ஈர்ப்புவிசையைப் போல எத்தனை மடங்கு தெரியுமா? 2 போட்டு 39 சைபர் போடுங்கள், அதற்கும் மேலே! 1 மீட்டர் இடைவெளியில் இரு பொருள்களில் தலா 1 கூலூம் மின்னூட்டம் வைத்தால் விசை 900 கோடி நியூட்டன். அதாவது 9 லட்சம் டன் எடை! நல்லவேளை, வைக்க முடியாது. 1 மீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளத்தில்கூட ஒரு கூலூமில் மூவாயிரத்தில் ஒரு பங்கு ஏறினாலே சுற்றியிருக்கும் காற்று தாங்காமல் பொறி பறக்கும்.

இவ்வளவு பூதாகரமான விசை நம்மை ஏன் பிய்த்து எறியவில்லை? நம் உடலில் நேரும் எதிரும் அச்சுப் பிசகாமல் சமமாக இருப்பதால்! கை நீளத் தூரத்தில் நிற்கும் இருவரின் உடலில் புரோட்டான்களைவிட எலக்ட்ரான்கள் வெறும் 1 சதவீதம் கூடினால்? பூமியின் எடையையே தூக்கும் விலக்குவிசை பிறக்கும் என்று கணக்குச் சொன்னார் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன்.

1785-இல் முறுக்குத் தராசை வைத்து இந்த மின்விசையின் விதியை அளந்து காட்டிய கூலூம், பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். அவருக்குப் பத்தாண்டுக்கும் முன்பே இங்கிலாந்தில் விஞ்ஞானி கேவண்டிஷ் இதைக் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார்! அவர் குறிப்புகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அச்சேற்றியது 1879-இல். பாடப்புத்தகத்தில் பெயர் வர வேண்டுமானால் வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

பொறி பறக்காமல் காற்று தாங்கும் மின்புலம் மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட். உங்கள் நரம்புச் செல்லின் சவ்வில் இப்போது இருப்பது சுமார் 1 கோடி! மின்னழுத்தம் என்னவோ 70 மில்லிவோல்ட்தான். ஆனால் சவ்வின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பூக்களின் மின்புலத்தை வண்டுத்தேனீக்கள் உணர்கின்றன என்று 2013-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2018-இல் அதே பல்கலைக்கழகத்தில், காற்றே வீசாத பெட்டிக்குள் சிலந்திகளை விட்டு மின்புலத்தை மட்டும் போட்டார்கள். கால் நுனியில் எழும்பி நின்று, நூலை விட்டு, அப்படியே மேலே கிளம்பின! 1832-இல், கரையிலிருந்து 60 மைல் தள்ளி மிதந்த பீகிள் கப்பலில் சிலந்திகள் வந்திறங்கியதைப் பார்த்து டார்வின் வியந்தார். வானிலை தெளிவாக இருக்கும்போதும் தரையருகே மீட்டருக்கு 100 வோல்ட் அளவில் மின்புலம் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உயிர் காக்கும் ஒன்று. உலோகக் கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்று 1836-இல் விஞ்ஞானி ஃபாரடே ஒரு பெரிய பெட்டிக்குள் தானே உட்கார்ந்து காட்டினார். இடிமின்னலின்போது காரில் இருந்தால் இறங்காதீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகப் பாகங்களைத் தொடாமல் உட்காருங்கள். காப்பாற்றுவது டயர் ரப்பர் என்று பலரும் சொல்வார்கள், நம்பாதீர்கள்; மேலே மூடியிருக்கும் உலோகக் கூடுதான். பைக்கில் வந்தால் மரத்தடியில் ஒதுங்காமல் பக்கத்துக் கட்டடத்துக்குள் ஓடுங்கள்.