ஸ்கேன் செய்தால் மட்டும் புத்தகம் ஆகிவிடாது



நமது மஹல்லாவைச் சேர்ந்த பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்கு மூன்று வரலாற்றுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் கொடுத்த செய்தியைச் சென்ற ஆண்டு இதே இதழில் வெளியிட்டிருந்தோம். இரண்டு பேர் மூன்று நாட்கள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். பக்கங்களைக் கணினி மூலம் எழுத்துகளாகவும் மாற்றினார்கள். ஒரு நல்ல காரியம் முடிந்தது என்று நாங்களும் திருப்தியாக இருந்தோம்.

தேர்வு முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். புத்தகங்கள் உதவியாக இருந்தனவா என்று கேட்டேன். "இருந்துச்சு சாச்சா" என்றார். பக்கத்தில் இருந்த தாயார்தான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். பத்துப் பக்கத்துக்கு மேல் அதைக் கேட்க முடியவில்லையாம். தங்கை பள்ளிக்கூடம் விட்டு வந்து இரவில் அச்சுப் புத்தகத்தை வாசித்துக் காட்ட, அதைக் கேட்டுத்தான் அவர் தேர்வு எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளைக்கும் அது பத்தாம் வகுப்பு ஆண்டு. உதவியாக வந்த பொருளில் குறை சொல்வது எப்படி என்று இருவரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். ஒரு தாளில் அவருக்கு அரியர் விழுந்துவிட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் எங்கள் பங்கும் உண்டு.

"கொஞ்சம் போட்டுக் காட்டுங்க தம்பி" என்றேன். மடிக்கணினியிலிருந்து குரல் வந்தது: "வேலூர்க் கோட்டையில் சிப்பாய், கள், கிளர்ந்தெழுந்தது பதினெட்டாயிரத்து அறுபத்து மூன்று. நாற்பத்தேழு. இந்திய விடுதலைப் போர். ஜூலை பத்தாம் நாள் அதிகாலை..."

வேலூர் எழுச்சி நடந்தது 1806 ஜூலை 10. அது எப்படி பதினெட்டாயிரம் ஆனது, நடுவில் நாற்பத்தேழு எங்கிருந்து வந்தது என்பதை அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

கண் தாண்டிப் போவதைக் காது தாண்ட முடியாது

ஸ்கேன் என்பது பக்கத்தின் புகைப்படம், அவ்வளவுதான். அதில் எழுத்து இருப்பது கணினிக்குத் தெரியாது. ஓ.சி.ஆர். என்னும் எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்தில் உள்ள வடிவங்களைப் பார்த்து, இது 'க', இது 'ம' என்று ஊகித்து எழுத்துகளாக மாற்றுகிறது. அந்த எழுத்துகளை ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரைவாசிப்பான் குரலாக்கிப் படிக்கிறது. பலரும் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. அப்படிப்பட்ட ஒன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய இந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி, வரிசை மாறாமல் படிக்கும். எது புத்தகத்தின் வாசகம், எது பக்க எண் என்று அதற்குத் தெரியாது. நாம் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது மேலே உள்ள தலைப்பு வரியையும் எண்ணையும் கண் தானாகவே தாண்டிவிடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சரியான சொல்லை மனம் ஊகித்துக்கொள்ளும். கேட்டுப் படிப்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே நமக்குச் சிறியதாகத் தெரியும் பிழை அவருக்குப் பெரியது.

அடிக்கடி வரும் பிழைகள்

1. பக்கத் தலைப்பும் எண்ணும்: மாணவர் கேட்ட 'நாற்பத்தேழு', 'இந்திய விடுதலைப் போர்' இரண்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் இருந்தவை. வாக்கியம் இந்தப் பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிந்ததால் அதன் நடுவே புகுந்துவிட்டன. தலைப்பு வரியை எடுத்துவிட வேண்டும். ஆனால் பக்க எண்ணை அழித்துவிடக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் "47ஆம் பக்கம் எடுங்கள்" என்பார். அதனால் வாக்கியத்தை முடித்துவிட்டு, 'பக்கம் 47' என்று தனி வரியில் ஒரே மாதிரியாகக் குறிக்க வேண்டும்.

2. வரி முடிவில் உடையும் சொற்கள்: ஆங்கிலப் புத்தகத்தில் சொல் வரி முடிவில் உடைந்தால் சிறு கோடு இருக்கும். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலும் கோடு போடாமலே உடைப்பார்கள். எழுத்துணரி அங்கே ஓர் இடைவெளியை வைத்துவிடும். 'மாணவர்கள்' என்பது 'மாணவர் கள்' ஆகிவிடும். 'பலகை' என்பது 'பல கை' ஆகிவிடும். எதைச் சேர்ப்பது, எதைப் பிரித்து வைப்பது என்பதைத் தமிழ் தெரிந்த மனிதர்தான் முடிவு செய்ய முடியும்.

3. ஒன்றுபோல் தெரியும் எழுத்துகள்: துணைக்காலும் 'ர'வும் அச்சில் ஏறக்குறைய ஒரே வடிவம். எழுத்துணரி அதிகம் தடுமாறுவது இங்கேதான். 'காலம்' என்பது 'கரலம்' ஆனால் பிழை என்று உடனே தெரிந்துவிடும். 'நாகம்' என்பது 'நரகம்' ஆனால்? 'காடு' என்பது 'கரடு' ஆனால்? இரண்டுமே சரியான சொற்கள்தான். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் அவற்றின் கீழே சிவப்புக் கோடு போடாது. கேட்பவரும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நம்பிவிடுவார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் லை, னை, ணை, றா, ணா போன்றவை பழைய வடிவில் இருக்கும். அவற்றில் பிழைகள் இன்னும் அதிகமாக வரும். நம் வீட்டு அலமாரிகளில் உள்ள பல மார்க்க நூல்கள் அந்தக் காலத்தவை.

4. எண்கள்: 1806 என்ற ஆண்டின் மேல் ஓரத்தில் அடிக்குறிப்புக்காகச் சிறிய 3 போட்டிருந்தார்கள். எழுத்துணரி இரண்டையும் சேர்த்து 18063 ஆக்கிவிட்டது. 3, 8 இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுவதும் சாதாரணம். ஆண்டு, தொகை, வசன எண், மருந்தின் அளவு எதுவானாலும் ஒவ்வொரு எண்ணையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

5. அடிக்குறிப்பும் பத்தியும்: அடிக்குறிப்புகளைப் பாடத்தின் இறுதிக்கு நகர்த்தி, 'குறிப்பு 3' என்று எழுதலாம். இரண்டு பத்திகளாக அச்சான பக்கத்தில் எழுத்துணரி சில நேரம் இடது வரியையும் வலது வரியையும் சேர்த்தே படித்துவிடும். அதைப் பிரித்து ஒழுங்குபடுத்த வேண்டும்.

6. பாடத் தலைப்புகள்: எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும், திரைவாசிப்பானுக்குத் தெரியாது. வேர்டில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற வசதியைக் கொண்டே தலைப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் என்.வி.டி.ஏ.வின் பிரவுஸ் மோடில் 'எச்' விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். இல்லாவிட்டால் ஒன்பதாம் பாடம் வேண்டும் என்றாலும் முதல் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும்.

அரபி வாசகங்களில் தனிக் கவனம்

நம் புத்தகங்களில் தமிழுக்கு நடுவே திருக்குர்ஆன் வசனங்களும் துஆக்களும் அரபியில் இருக்கும். தமிழுக்கென்று அமைத்த எழுத்துணரி அவற்றை அர்த்தமில்லாத குறிகளாக மாற்றிவிடும். அந்த இடத்தில் யாரும் ஊகித்து எழுதக் கூடாது. நினைவிலிருந்தும் எழுத வேண்டாம். 'அரபி வாசகம்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, அத்தியாய எண்ணையும் வசன எண்ணையும் மட்டும் எழுதி விட்டுவிடுங்கள். சரிபார்க்கப்பட்ட பிரதியிலிருந்து எடுத்துச் சேர்ப்பதை ஆலிம்கள் பார்த்துக்கொள்வார்கள். (ஸல்), (ரலி) போன்ற சுருக்கங்களும் சிதைந்து வரும். அவற்றையும் கவனித்துத் திருத்த வேண்டும்.

வீட்டிலிருந்தே எப்படிச் செய்வது?

அச்சுப் புத்தகத்தை ஒரு பக்கமும் கணினியை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதலில் தலைப்பு வரிகளை எடுத்துவிட்டு, பக்க எண்களை ஒழுங்குபடுத்துங்கள். பிறகு உடைந்த வரிகளைச் சேர்த்துப் பத்திகளாக்குங்கள். அதன் பிறகே சொல் சொல்லாக ஒப்பிட வேண்டும். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு திரைவாசிப்பானில் அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். கண்ணுக்குத் தப்பிய பல பிழைகள் காதில் விழும்.

ஒன்றில் எச்சரிக்கை தேவை. ஒரே சொல்லைப் புத்தகம் முழுவதும் ஒரே தட்டில் மாற்றும் வசதி வேர்டில் உண்டு. எல்லா 'நரகம்' என்பதையும் 'நாகம்' என்று மாற்றிவிட்டால், ஆசிரியர் உண்மையிலேயே நரகத்தைப் பற்றி எழுதிய இடமும் பாம்பாகிவிடும். ஒவ்வோர் இடமாகப் பார்த்தே மாற்றுங்கள். ஆசிரியரின் நடை நமக்குப் பிடிக்காவிட்டாலும் அதைத் திருத்த வேண்டாம். எழுத்து தெரியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று குறித்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்யும்போதே 300 டி.பி.ஐ. அளவில், புத்தகத்தை நன்றாக விரித்து, நடு மடிப்பில் நிழல் விழாமல் எடுத்தால் பாதி வேலை குறையும். நூலாசிரியரிடமிருந்தே டி.டி.பி. கோப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் திரைவாசிப்பானுக்கு அது தமிழாகவே தெரியாது. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இது சட்டப்படி சரியா?

பலர் கேட்ட கேள்வி இது. சரிதான். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை ஆக்கித் தர அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான நூல்கள் பற்றி 2013இல் மராக்கேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். ஆனால் நிபந்தனை உண்டு. இதில் லாபம் பார்க்கக் கூடாது. கோப்பு அந்த வாசகர்களுக்கு மட்டுமே போக வேண்டும். "நல்ல புத்தகம்தானே" என்று வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் அது எழுத்தாளரின், பதிப்பாளரின் உரிமையைப் பறிப்பதாகும். அது அமானிதத்துக்கு மாறானது.

ஒரு புத்தகத்தைத் தொடங்குவதற்கு முன், 2016இல் தொடங்கப்பட்ட 'சுகம்ய புஸ்தகாலயா' என்னும் இணைய நூலகத்திலும், 2002 முதல் இயங்கும் 'புக்‌ஷேர்' நூலகத்திலும் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். இருந்தால் நம் உழைப்பை வேறு புத்தகத்துக்குக் கொடுக்கலாம்.

இப்போது நடப்பது

அந்த மூன்றில் முதல் புத்தகத்தை மீண்டும் எடுத்திருக்கிறோம். 212 பக்கங்கள். நமது மஹல்லாவைச் சேர்ந்த ஒன்பது பேர், அவர்களில் ஆறு பேர் பெண்கள், பக்கங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆனது. பழகிய பிறகு பத்து நிமிடம். ஐந்து வாரங்களில் வேலை முடிந்தது. ஒருவர் திருத்தியதை மற்றொருவர் படித்துப் பார்த்தார். இவ்வளவுக்கும் பிறகு அந்த மாணவரிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னோம். மேலும் 31 பிழைகளைப் பட்டியலிட்டுத் திருப்பி அனுப்பினார். இந்த முறை "நல்லா இருக்கு சாச்சா" என்று சொல்லிச் சமாளிக்கவில்லை என்பதே எங்களுக்கு மகிழ்ச்சி.

அறிவு தேடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியோடு தொடர்புடையவை, 80ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள். மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் அனைவருக்கும் இது தெரியும். தேடி வருகிறவரைப் பொருட்படுத்துவது என்றால், அவருக்குப் பயன்படும் விதத்தில் கொடுப்பதும் அதில் அடங்கும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. அரியர் தேர்வு நவம்பரில். தமிழ் பிழையின்றிப் படிக்கத் தெரிந்து, கணினியும் வாரத்துக்கு மூன்று மணி நேரமும் உள்ளவர்கள் மஃரிபுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்து பெயர் கொடுக்கலாம். பெண்கள் வர வேண்டியதில்லை. வீட்டில் உள்ளவர்கள் மூலம் சொல்லி அனுப்பினால் போதும், பக்கங்களை அனுப்பிவைக்கிறோம். கணினி இல்லாதவர்கள் அச்சுப் பிரதியைப் பார்த்து எண்களைச் சரிபார்க்கும் வேலையில் சேரலாம். உங்கள் தெருவில் பார்வையற்ற மாணவர் வேறு யாரும் இருந்தால், அவருக்கு எந்தப் புத்தகம் தேவை என்று கேட்டு எங்களுக்குத் தெரிவியுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்து அதை எடுப்போம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்