இடது கண்ணாடியின் 3 மில்லிமீட்டர்

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகர் உஸ்மான் ரோட்டிலும் கார் ஓட்டுகிறவர்களுக்கு இடது பக்கக் கண்ணாடி உடைவது புதிதல்ல. ஆட்டோ உரசும், பைக்கின் ஹேண்டில்பார் இடிக்கும், ஓரமாக நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கி வருவதற்குள் யாரோ தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால் ‘செட்டாக மாற்றணும்’ என்று சொல்வதுண்டு. உடைந்தது கண்ணாடி மட்டும்தான் என்றால் அவ்வளவு செலவு வேண்டியதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு ஸ்பேர் கடைகளில் பல மாடல்களுக்குக் கண்ணாடி தனியாக, பின்னாலுள்ள பிளாஸ்டிக் தட்டோடு கிடைக்கும். பழைய வண்டி என்றால் புதுப்பேட்டையில் தேடலாம். வீட்டிலேயே மாட்டிவிடலாம்.

ஆனால் பலர் பக்கத்திலுள்ள கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை அதே வடிவில் வெட்டி, டபுள் சைடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். செலவு குறைவு, பளிச்சென்றும் இருக்கும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கம்பெனி கண்ணாடியின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கிடத்திப் பாருங்கள். நடுவில் தொடும், இரண்டு ஓரங்களிலும் லேசாக வெளிச்சம் தெரியும். அது குவி ஆடி. ஐ.நா.வின் 46-ஆம் வாகன விதிமுறைப்படி கார்களின் பக்கக் கண்ணாடிக்கு வளைவு ஆரம் 1,200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 17 செ.மீ. அகலக் கண்ணாடிக்கு அந்த வளைவு இருந்தால் ஓரத்தில் விழும் இடைவெளி சுமார் 3 மி.மீ. மட்டுமே.

அந்த 3 மி.மீ. செய்கிற வேலை பெரியது. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் கண்ணிலிருந்து இடது கண்ணாடி 1.3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் பின்னால், தட்டைக் கண்ணாடியில் தெரியும் சாலையின் அகலம் 2.8 மீட்டர்தான், ஒரு லேன்கூட முழுதாகத் தெரியாது. குவி ஆடியில் அது ஏறக்குறைய 8.5 மீட்டர். இடப்பக்கம் புகுந்து முந்தும் பைக்குகள் நிறைந்த ஊரில், நாம் இழப்பது சரியாக அந்தப் பைக்குகள் வருகிற இடத்தைத்தான்.

அகலத்துக்கு விலை உண்டு. அகலம் மூன்று மடங்கு விரிந்தால் உருவம் மூன்றில் ஒரு பங்காகச் சிறுக்கும். 12 மீட்டர் பின்னால் வரும் பைக், 39 மீட்டர் தொலைவில் வருவது போலத் தோன்றும். கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருட்கள் அருகில் இருக்கின்றன என்று அதன் மேலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பது இதனால்தான்.

இனி மாட்டும் வேலை. முதலில் கண்ணாடியைத் தாங்கும் வெளிக் கூட்டைப் பாருங்கள். இடிபட்டால் மடங்கிக்கொள்ளும்படி உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. சில சமயம் இடம் நழுவித் தொங்குகிறதே தவிர உடைந்திருக்காது, அழுத்தித் திருப்பினால் ‘கடக்’ என்று உட்காரும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் சில்லுகள் சிதறாமல் இருக்க அதன் மேல் முழுக்க டேப் ஒட்டுங்கள். கையுறை அவசியம். ஒரு ஓரத்தை உள்ளே அழுத்தினால் எதிர் ஓரம் வெளியே வரும். அந்த இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்து நெம்பினால் கிளிப்புகள் விடும். பின்னால் ஒயர் இருந்தால் கழற்றுங்கள். புதியதைப் பொருத்தும்போது ஓரத்தைத் தொடாமல், துணி வைத்து நடுவில் அழுத்த வேண்டும்.

வெறும் கண்ணாடி மட்டும் கிடைத்துப் பழைய தட்டிலேயே ஒட்ட வேண்டி வந்தால், பசையில் கவனம் தேவை. சென்னை வெயிலில் கூடு எளிதாக 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தட்டு கண்ணாடியைவிட ஏறக்குறைய 0.4 மி.மீ. கூடுதலாக நீளும். சூப்பர் குளூ காய்ந்தால் கல் போல இறுகிவிடும், வளைந்து கொடுக்காது; ஒட்டு விடும் அல்லது கண்ணாடி விரியும். ஃபோம் டேப்போ சிலிக்கோனோ இழுவையைத் தாங்கும். சிலிக்கோனிலும் வினிகர் வாடை அடிப்பது வேண்டாம். காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் கண்ணாடியின் உலோகப் பூச்சை அரிக்கும். ஏற்கெனவே உப்புக் காற்று வீசும் சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் அது சீக்கிரமே ஓரம் கறுத்துப்போகும். ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

சூப்பர் குளூவுக்கும் ஒரு வேலை உண்டு. கூட்டின் பிளாஸ்டிக் கீறியிருந்தால் கீறலில் ஆப்ப சோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டு விடுங்கள், நொடியில் கெட்டியாகும். கூட்டின் அடியில் சிறு துளை இருந்தால் மட்டும் எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழைத் தண்ணீர் வடிவது அதன் வழியாகத்தான். தேங்கினால் மோட்டாரின் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். கேமராவோ சென்சாரோ உள்ள மாடல் என்றால் கூட்டைப் பிரிக்காமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

மாட்டியதும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது காருக்குப் பின்னாலிருந்து இடப்பக்கமாக முன்னோக்கி நடந்து வரச் சொல்லுங்கள். உள் கண்ணாடியிலிருந்து அவர் மறைவதற்கு முன்பே இடது கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், தெரியும்வரை கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.